இடைவெளி விடாத எஷர்

இந்த முறை நம்ம தாளில் வரப்போகிறவர் விஞ்ஞானி இல்லை, நாட்டுத் தலைவரும் இல்லை. ஒரு ஓவியர். அதிலும் பள்ளிக்கூடத்தில் கணக்கில் தேறவே முடியாமல் தவித்த ஓவியர். ஆனால் பாருங்க, இன்றைக்கு உலகத்தில் எத்தனையோ ஊர்களில் கணக்கு ஆசிரியர்கள் நகர்த்தல், சுழற்றல், பிரதிபலிப்பு என்று பாடம் தொடங்கும்போது இவருடைய படங்களைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். பெயர் மவுரிட்ஸ் கொர்னேலிஸ் எஷர். நெதர்லாந்து நாட்டுக்காரர்.

1898 ஜூன் 17-ஆம் தேதி லீவார்டன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா ஜார்ஜ் எஷர் பெரிய பொறியாளர். ஆறு, கால்வாய், துறைமுகம் இதெல்லாம்தான் அவர் வேலை. ஜப்பானுக்கே போய் ஐந்து வருடம் வேலை பார்த்தவர். ஐந்து ஆண் பிள்ளைகளில் நம்ம ஆள்தான் கடைக்குட்டி. வீட்டில் செல்லமாக மவுக் என்று கூப்பிடுவார்கள். அவருக்கு ஐந்து வயதாகும்போது குடும்பம் ஆர்னெம் நகரத்துக்குக் குடிபோனது.

சின்ன வயதில் உடம்பு அடிக்கடி சரியில்லாமல் போகும். ஒல்லியான பையன், இடது கைக்காரர். அவரைப் பற்றி ஒரு வேடிக்கையான சேதி சொல்வார்கள். சாப்பிட உட்கார்ந்தால், ரொட்டித் துண்டு மேல் வைக்கிற சீஸ் துண்டுகளை அப்படியே அள்ளிப் போட மாட்டாராம். எந்தத் துண்டு எந்த மூலைக்குச் சரியாக இருக்கும் என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கி, ரொட்டி கொஞ்சம்கூட வெளியே தெரியாத மாதிரி முழுசா மூடுவாராம். நம்ம வீட்டில் இப்படிச் செய்தால் சாப்பாட்டில் விளையாடாதே என்று முதுகில் ஒன்று விழும்! ஆனால் அந்தச் சீஸ் விளையாட்டைத்தான் அவர் பிற்பாடு வாழ்நாள் பூராவும் காகிதத்தில் விளையாடினார்.

பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஒரே வகுப்பில் மறுபடியும் உட்கார வேண்டி வந்தது. ஒரு தடவை இல்லை, ஒன்றுக்கு மேல்! கணக்கில் மதிப்பெண் படுமோசம். கடைசிப் பெரிய பரீட்சையிலும் தோற்றுப்போனார். நல்ல காலம், ஆர்னெம் பள்ளியில் வான் டர் ஹாகன் என்று ஒரு ஓவிய ஆசிரியர் இருந்தார். அவர்தான் லினோலியம் என்கிற தரைவிரிப்புத் துண்டில் உளியால் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் அச்செடுக்கக் கற்றுக்கொடுத்தார். தச்சுவேலையும் அந்த வயதிலேயே பழகிக்கொண்டார். மற்ற பாடமெல்லாம் ஒரு பக்கம், இந்த இரண்டு கைவேலை ஒரு பக்கம் என்று ஆகிவிட்டது.

அப்பாவுக்குப் பையன் கட்டடக் கலைஞர் ஆகணும் என்று ஆசை. 1919-ல் ஹார்லெம் நகரத்துக் கட்டடக்கலை, அலங்காரக்கலைப் பள்ளியில் சேர்த்துவிட்டார். சேர்ந்த சில நாட்களிலேயே அங்கே ஒருவர் கண்ணில் எஷரின் அச்சுப் படங்கள் பட்டன. அவர் பெயர் சாமுவேல் யெசுரன் டி மெஸ்கிட்டா. அச்சுக்கலை சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர், யூதர். இந்தப் பையன் கட்டடம் கட்டப் பிறந்தவன் இல்லை, செதுக்கப் பிறந்தவன் என்று பார்த்ததுமே புரிந்துகொண்டார். பள்ளித் தலைமையும் அதையே சொன்னது. அப்பாவுக்கு வருத்தம் இருந்திருக்கும். இருந்தாலும் மறுக்கவில்லை. மறுக்காததோடு, எஷருக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகும் ரொம்ப காலம் பெற்றோர்தான் பண உதவி செய்தார்கள். பரீட்சையில் தோற்ற பிள்ளையை இப்படித் தாங்கிய அந்த அப்பாவைப் பற்றியே தனியாக ஒரு தாள் எழுதலாம்.

இங்கே கொஞ்சம் நிற்போம். மரச்செதுக்கு அச்சு என்றால் என்ன என்று தெரிந்தால்தான் மேலே போக முடியும். ஒரு மரப்பலகையில் படத்தைச் செதுக்குவார்கள். வெள்ளையாக வரவேண்டிய இடத்தையெல்லாம் தோண்டி எடுத்துவிடுவார்கள். மேடாக நிற்கிற இடத்தில் மட்டும் மை ஒட்டும். அதன்மேல் காகிதத்தை வைத்துத் தேய்த்தால் படம் பதியும். எஷர் இதற்கு எலும்பால் செய்த ஒரு சின்னக் கரண்டியை வைத்துப் பொறுமையாகத் தேய்ப்பாராம். இதில் ஒரு சூட்சுமம் இருக்கு. பலகையில் வலது பக்கம் இருப்பது காகிதத்தில் இடது பக்கம் வரும்! ரப்பர் ஸ்டாம்பைத் திருப்பிப் பாருங்க, எழுத்தெல்லாம் தலைகீழாக இல்லை, இடம் வலமாக மாறி இருக்கும். ஆகவே எஷர் தன் பெயரெழுத்தைக்கூடப் பலகையில் கண்ணாடியில் தெரிகிற மாதிரித்தான் செதுக்க வேண்டும். பிரதிபலிப்பு என்ற பாடத்தை அவர் புத்தகத்தில் படிக்கவே இல்லை. அவர் தினசரி செய்த வேலையே அதுதான்.

படிப்பு முடிந்ததும் 1922-ல் இத்தாலி, ஸ்பெயின் என்று ஊர் சுற்றக் கிளம்பினார். அந்த வருடம் அக்டோபரில் ஸ்பெயினின் கிரனாடா நகரத்தில் அல்ஹம்பிரா அரண்மனைக்குள் முதல்முறையாக நுழைந்தார். அரபு முஸ்லிம் மன்னர்கள் பல நூறு வருடங்களுக்கு முன் கட்டியது. அதன் சுவரெல்லாம் வண்ண வண்ண ஓடுகள். நட்சத்திரம், பட்டை, முறுக்கிய முக்கோணம் என்று ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், நடுவில் ஓட்டையும் விழாமல் சுவர் முழுக்கப் பரவியிருக்கும். மறுபடியும் அதே ரொட்டியும் சீஸும்தான்! எஷர் அசந்துபோனார். ஆனாலும் அதை வைத்து என்ன செய்வது என்று அப்போது அவருக்குப் பிடிபடவில்லை.

இத்தாலியில் யெட்டா என்ற பெண்ணைச் சந்தித்தார். 1924-ல் கல்யாணம். ரோம் நகரத்தில் வீடு. வருடா வருடம் வசந்த காலத்தில் மூட்டையைக் கட்டிக்கொண்டு தென் இத்தாலியின் மலைக் கிராமங்களில் நடையாய் நடந்து படம் வரைவார். குளிர்காலத்தில் அதையெல்லாம் அச்சுப் படமாக்குவார். பத்து வருடத்துக்கு மேல் சந்தோஷமாக ஓடியது. அதற்குள் இத்தாலியில் முசோலினியின் பாசிச ஆட்சி வேரூன்றிவிட்டது. எஷருக்கு அரசியல் பேச்சே பிடிக்காது. ஆனால் ஒன்பது வயது மூத்த மகன் ஜார்ஜ் பாசிசச் சிறுவர் படையின் சீருடையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகவேண்டும் என்று வந்தபோது, போதும் என்று முடிவு செய்துவிட்டார். 1935-ல் குடும்பத்தோடு சுவிட்சர்லாந்து போனார். அங்கே எங்கே பார்த்தாலும் பனி. வெயிலும் பாறையுமாக இருந்த இத்தாலிக்கு ஏங்கிப்போனார்.

சரி, கடல் பயணம் போகலாம் என்று தோன்றியது. கையில் காசு இல்லை. என்ன செய்தார் தெரியுமா? ஒரு கப்பல் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார்: எனக்கும் மனைவிக்கும் டிக்கெட் கொடுங்க, பயணத்தில் பார்க்கிற இடங்களை வரைந்து அச்சுப் படங்களாகக் கொடுத்துவிடுகிறேன் என்று. கம்பெனியும் ஒத்துக்கொண்டது! 1936-ல் அப்படித்தான் மறுபடியும் ஸ்பெயினுக்குப் போனார். கார்த்தஹேனா ஊரில் பழைய கோட்டைச் சுவரை வரைந்துகொண்டிருந்தபோது ஒற்றன் என்று சந்தேகப்பட்டுப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. வரைந்ததைப் பறித்துக்கொண்டு பிறகு விட்டுவிட்டார்கள். அதே பயணத்தில் அல்ஹம்பிராவுக்கும் இரண்டாம் முறை போனார். இந்தத் தடவை சும்மா பார்க்கவில்லை. அவரும் யெட்டாவும் நாள் கணக்கில் உட்கார்ந்து ஓட்டு வடிவங்களைக் கட்டம் கட்டமாக வரைந்து எடுத்தார்கள். அவர்கள் திரும்பிய கொஞ்ச நாளில், ஜூலை மாதம், ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்தது. சற்றுத் தாமதித்திருந்தால் அந்தக் குறிப்பேடு நமக்குக் கிடைத்திருக்காது.

அந்த ஓடுகளைப் பார்க்கப் பார்க்க அவருக்கு ஒரு குறை தெரிந்தது. எல்லாம் வெறும் வடிவம். ஏன் ஒரு பறவை இல்லை, ஒரு மீன் இல்லை? ஒரே மாதிரி மீன்கள் சேர்ந்து ஒரு தாளை முழுசாக நிரப்பினால் எப்படி இருக்கும்? சொல்வது சுலபம். மீனுக்குப் பக்கத்தில் மீன் வைத்தால் நடுவில் சந்து விழுமே. அந்தச் சந்தும் இன்னொரு மீனாக இருக்க வேண்டும். ஒரே கோடு, இந்தப் பக்கத்து மீனுக்கு முதுகு, அந்தப் பக்கத்து மீனுக்கு வயிறு!

1937-ல் குடும்பம் பெல்ஜியம் போயிருந்தது. அப்போது தன் வரைபடங்களை ஒன்றுவிட்ட, அதாவது அப்பாவின் முதல் மனைவிக்குப் பிறந்த, அண்ணன் பேரெண்டிடம் காட்டினார். அந்த அண்ணன் லைடன் பல்கலைக்கழகத்தில் நிலவியல் பேராசிரியர். பார்த்ததும், தம்பி, இதைத்தானே நாங்கள் படிகங்களில் பார்க்கிறோம் என்கிற மாதிரி வியந்துபோய், படிகவியல் கட்டுரைகளின் பட்டியல் ஒன்றைக் கொடுத்தார். உப்புக்கல், கற்கண்டு போன்ற படிகங்களில் அணுக்கள் இப்படித்தான் ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப அடுக்கியிருக்கும். அந்தப் பட்டியலில் ஹங்கேரி நாட்டுக் கணித மேதை போல்யா 1924-ல் எழுதிய கட்டுரையும் இருந்தது. ஒரு தளத்தை, அதாவது தாளை, இரண்டு பக்கமும் திரும்பத் திரும்ப வரும் கோலத்தால் நிரப்ப எத்தனை விதமான ஒழுங்கு உண்டு? சரியாக 17. பதினெட்டாவது கிடையாது. போல்யா ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் போட்டிருந்தார்.

எஷருக்குக் கட்டுரை புரியவில்லை. சூத்திரம் எல்லாம் அவருக்குக் கண்ணைக் கட்டியது. ஆனால் படம் புரிந்தது! 17 படத்தையும் தன் நோட்டில் பிரதி எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் வடிவம் எப்படி நகர்கிறது, எங்கே திரும்புகிறது என்று விரலால் தடவித் தடவிக் கண்டுபிடித்தார்.

அவர் கண்டுபிடித்ததை நாமும் பார்ப்போமா? ஒரு உருவத்தின் அளவும் மாறக்கூடாது, வடிவமும் மாறக்கூடாது. தாளின்மேல் அதை வேறொரு நிலைக்குக் கொண்டுபோக நாலே வழிதான் இருக்கு.

முதல் வழி நகர்த்தல். டிராயரை இழுக்கிற மாதிரி, திருப்பாமல் நேராகத் தள்ளுவது. எஷர் இறக்கை முளைத்த குதிரைகளை வைத்து ஒரு படம் போட்டார். எல்லாக் குதிரையும் ஒரே பக்கம் பார்க்கும். அதைச் செய்வது எப்படி என்று சொல்கிறேன், அட்டையும் கத்தரிக்கோலும் எடுத்துக்குங்க. ஒரு சதுர அட்டை. இடது ஓரத்தில் மூலையைத் தொடாமல் ஏதாவது ஒரு வடிவம் வெட்டி எடுங்க. வெட்டின துண்டைத் திருப்பாமல் அப்படியே வலது பக்கம் தள்ளி, அதே உயரத்தில் ஓரத்தோடு ஒட்டுங்க. இதே மாதிரி மேல் ஓரத்தில் வெட்டியதைக் கீழே ஒட்டுங்க. இப்போது கோணல்மாணலாக ஒரு உருவம் கிடைக்கும். இதை வைத்துத் தாள் முழுக்க வரிசை வரிசையாகச் சுற்றி வரையுங்க. ஒரு நூல் இடைவெளிகூட விழாது! ஏன்? இடது பக்கம் எது பள்ளமோ அதுதான் வலது பக்கம் மேடு. பக்கத்து வீட்டுக்காரரின் மேடு நம்ம பள்ளத்தில் வந்து உட்கார்ந்துவிடும். பரப்பளவும் பழைய சதுரத்தின் பரப்பளவேதான், ஏனென்றால் எதையும் தூக்கி எறியவில்லை. அப்புறம் அந்தக் கோணல் உருவத்தில் கண் எங்கே, வால் எங்கே என்று கண்டுபிடிப்பது உங்க பாடு. எஷருக்கும் அதுதான் கஷ்டமாம். ஒரு மீனோ பறவையோ தெரிகிற வரைக்கும் கோட்டை அழித்து அழித்து வளைப்பார்.

இரண்டாவது சுழற்றல். ஒரு புள்ளியில் குண்டூசி குத்தி உருவத்தை அதைச் சுற்றித் திருப்புவது. எஷரின் பல்லிப் படம் இதற்குப் பேர்போனது. அறுகோணத்தில் இருந்து பிறந்த பல்லி அது. அறுகோணத்தின் ஒவ்வொரு கோணமும் 120 பாகை. மூன்று சேர்ந்தால் 360, ஒரு முழுச் சுற்று. அதனால்தான் தேனீக்கூட்டில் சந்தே இல்லை. ஐங்கோணத்தை அடுக்கிப் பாருங்க, நடக்காது. கோணம் 108. மூன்று வைத்தால் 324, இன்னும் 36 பாகை ஓட்டை. நாலு வைக்க இடம் போதாது. அறுகோணத்தின் ஒரு மூலையில் சேருகிற இரண்டு ஓரங்களில் ஒன்றில் ஒரு துண்டை வெட்டி, அந்த மூலையையே மையமாக வைத்து 120 பாகை திருப்பி அடுத்த ஓரத்தில் ஒட்டணும். ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று மூலையிலும் இப்படிச் செய்தால் எஷரின் பல்லிக்கு எலும்புக்கூடு தயார். அவர் படத்தில் ஒரு இடத்தில் மூன்று பல்லிகளின் தலை சேரும், இன்னொரு இடத்தில் மூன்று கால்கள், இன்னொரு இடத்தில் மூன்று முழங்கால். சேருகிற புள்ளியில் விரலை வைத்து 120 பாகை திருப்பினால் படம் திருப்பாத மாதிரியே இருக்கும், வண்ணம்தான் மாறும்.

அந்தப் பல்லிகளை வைத்து 1943-ல் ஒரு கல்லச்சுப் படம் செய்தார். மேசையில் ஒரு வரைபட நோட்டு திறந்து கிடக்கும். அதில் தட்டையாகக் கிடக்கிற பல்லி ஒன்று உயிர் வந்து தாளை விட்டு வெளியே ஏறும். புத்தகத்தின்மேல் ஏறி, மூலைமட்டத்தின்மேல் ஏறி, பன்னிரண்டு முகம் கொண்ட ஒரு கனவடிவத்தின் உச்சியில் நின்று மூக்கால் புகை விட்டு, பிறகு பேசாமல் இறங்கி வந்து மறுபடியும் தாளுக்குள் தட்டையாகப் படுத்துக்கொள்ளும். எனக்கு அவர் படங்களிலேயே ரொம்பப் பிடித்தது இதுதான்.

மூன்றாவது பிரதிபலிப்பு. கண்ணாடி வைத்த மாதிரி. இதை எஷர் தளம் நிரப்பும் படங்களில் அதிகம் பயன்படுத்தவில்லை. யோசித்தால் காரணம் புரியும். கண்ணாடிக் கோடு நேர்கோடு. உருவத்தின் ஓரம் அந்தக் கோட்டில் பட்டால் ஓரமும் நேர்கோடாகிவிடும். நேராக வெட்டிய விலாவோடு எந்தப் பறவை இருக்கிறது? வண்டு, வண்ணத்துப்பூச்சி மாதிரி இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிற பிராணி என்றால் கோட்டை அதன் நடு முதுகில் போட்டுத் தப்பிக்கலாம். ஆனால் முழுப் படத்தையே இரண்டாகப் பிரதிபலித்து ஒன்று செய்தார். 1938-ல் வந்த பகலும் இரவும். நடுவில் வயல்கள் மெல்ல மெல்லப் பறவைகளாக மாறிப் பறக்கும். இடது பக்கம் பகல், அதில் கறுப்புப் பறவைகள். வலது பக்கம் இரவு, அதில் வெள்ளைப் பறவைகள். கறுப்புப் பறவைகளுக்கு நடுவில் இருக்கும் சந்துதான் வெள்ளைப் பறவை! கீழே இருக்கிற ஊரும் ஆறும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம், ஒன்று வெளிச்சத்தில், ஒன்று இருட்டில்.

நாலாவதுதான் பலருக்கும் தெரியாதது. நழுவுப் பிரதிபலிப்பு என்று சொல்லலாம். ஈரக் காலோடு திண்ணையில் நடந்து போய்த் திரும்பிப் பாருங்க. இடது பாதம், வலது பாதம், இடது, வலது. வலது பாதம் இடது பாதத்தின் கண்ணாடிப் பிம்பம், ஆனால் எதிரே இல்லை, ஒரு எட்டு முன்னால் தள்ளி இருக்கு. திருப்பிப் போட்டு நகர்த்தினது. கண்ணாடிக் கோடு ஓரத்தில் பட வேண்டியதில்லை என்பதால் நேர்கோட்டுத் தொல்லையும் இல்லை. 1946-ல் எஷர் செய்த குதிரை வீரர்கள் படம் இப்படித்தான். ஒரு நிற வீரர்கள் வலது பக்கம் போக, அவர்களுக்கு நடுவில் இருக்கும் இடமே வேறு நிற வீரர்களாக இடது பக்கம் போகும்.

ஒரு கேள்வி. சுழற்றல் எந்தக் கோணத்திலும் வருமா? திரும்பத் திரும்ப வரும் கோலத்தில் வராது. அரைச் சுற்று, மூன்றில் ஒன்று, கால், ஆறில் ஒன்று. இவ்வளவுதான். ஐந்தில் ஒன்று முடியவே முடியாது. அந்த ஐங்கோணத்தின் ஓட்டை இங்கேயும் வந்து காலை வாருகிறது.

இனி வாழ்க்கைக்கு வருவோம். 1939-ல் அவர் அப்பா 96-ஆம் வயதில் காலமானார். 1940-ல் ஜெர்மன் படை நெதர்லாந்தையும் பெல்ஜியத்தையும் பிடித்தது. 1941-ல் எஷர் குடும்பத்தோடு சொந்த நாட்டின் பார்ன் என்ற ஊருக்குத் திரும்பினார். நாஜிகள் வைத்த கலைஞர் சங்கத்தில் சேர்ந்தால்தான் படங்களைக் காட்சிக்கு வைக்கலாம், விற்கலாம் என்று சட்டம். அவர் சேரவில்லை. வீட்டில் உட்கார்ந்து 1941, 42-ல் ஒரு நோட்டு நிறையத் தன் சொந்தக் கணக்கை எழுதினார். எந்தெந்த உருவம் எந்த வழியில் நிரப்பும், எத்தனை வண்ணம் இருந்தால் ஒரே வண்ணம் பக்கத்தில் பக்கத்தில் வராது என்று அவரே கண்டுபிடித்த விதிகள், அவரே வைத்த குறியீடுகள். வண்ணத்தையும் சேர்த்து இப்படி ஒழுங்குபடுத்திப் பார்ப்பது படிகவியல்காரர்களே அப்போது அதிகம் தொடாத விஷயம்.

அதே காலத்தில்தான் அந்தக் கொடுமையும் நடந்தது. 1944 தொடக்கத்தில் எஷர் தன் பழைய ஆசிரியர் டி மெஸ்கிட்டாவைப் பார்க்க ஆம்ஸ்டர்டாம் போனார். வீடு உடைந்து கிடந்தது. வயதான ஆசிரியரையும் மனைவியையும் மகனையும் ஜெர்மானியர்கள் இரவில் இழுத்துப் போயிருந்தார்கள். ஆசிரியரும் மனைவியும் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார்கள். மகனும் வேறொரு முகாமில் இறந்தார். எஷர் தரையில் சிதறிக் கிடந்த படங்களைக் கையில் அள்ள முடிந்த அளவு அள்ளிக்கொண்டு வந்தார். அவற்றை ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் பத்திரப்படுத்தி, போர் முடிந்ததும் 1946-ல் ஆசிரியருக்காக ஒரு கண்காட்சி நடத்தவும் உதவினார். ஒரு படத்தின்மேல் மட்டும் ஆணி அடித்த ஜெர்மன் பூட்ஸ் தடம் பதிந்திருந்தது. அதை அவர் துடைக்கவில்லை. சாகும்வரை தன் அலமாரியில் வைத்திருந்தார்.

போருக்குப் பின் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர் பரவியது. 1954-ல் ஆம்ஸ்டர்டாமில் உலகக் கணித மாநாடு நடந்தபோது பக்கத்திலேயே அவருடைய கண்காட்சியும் வைத்தார்கள். கணிதமேதைகள் கூட்டம் கூட்டமாக வந்து வாய்பிளந்து நின்றார்கள். கனடாவைச் சேர்ந்த காக்ஸ்டர் என்ற வடிவியல் பேராசிரியருக்கும் அவருக்கும் பழக்கம் அப்படி வந்ததுதான். 1958-ல் காக்ஸ்டர் அனுப்பிய ஒரு கட்டுரையில் ஒரு வட்டப் படம் இருந்தது. நடுவில் பெரிய முக்கோணங்கள், ஓரம் நோக்கிப் போகப் போகச் சிறியதாகிக்கொண்டே போய், விளிம்பைத் தொடாமலே எண்ணிலடங்காமல் நிறைந்திருக்கும். முடிவில்லாததை ஒரு வட்டத்துக்குள் அடைப்பது எப்படி என்று எஷர் ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்தார். விடை கிடைத்துவிட்டது! எழுத்து வழக்கம்போல் புரியவில்லை. படத்தின்மேல் கவராயத்தை வைத்து, இந்த வில்லின் மையம் எங்கே, அந்த வில்லின் மையம் எங்கே என்று தேடித் தேடி வழியைப் பிடித்தார். வட்ட எல்லை என்ற பெயரில் நாலு படங்கள் வந்தன. 1959-ல் வந்த மூன்றாவது படத்தில் வண்ண மீன்கள் வளைந்த வெள்ளைக் கோடுகளில் வரிசையாக நீந்தும். அதற்கு ஐந்து மரப்பலகைகள். ஒரே ஒரு படம் முடிய 20 முறை அச்சுப் பதிக்க வேண்டும். எஷர் இறந்த பிறகு, 1979-ல், காக்ஸ்டர் அந்த வெள்ளை வில்கள் என்ன கோணத்தில் விளிம்பைச் சந்திக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சரிபார்த்தார். கணக்கில் தேறாத மனிதர் கண்ணாலும் கையாலும் வரைந்தது மில்லிமீட்டர் பிசகாமல் சரியாக இருந்தது.

1965-ல் சர்வதேசப் படிகவியல் சங்கம் எஷரின் படங்களை வைத்தே மாணவர்களுக்குச் சமச்சீரைக் கற்றுக்கொடுக்க ஒரு புத்தகம் போட்டது. எழுதியவர் மக்கில்லாவ்ரி என்ற பெண் விஞ்ஞானி. பள்ளியில் தோற்றவர் படம் பாடப்புத்தகம் ஆகிவிட்டது! ஏறாமலே ஏறுகிற மாடிப்படி, தன்னையே சுற்றி விழுகிற அருவி, ஒன்றையொன்று வரைகிற இரண்டு கைகள் என்று அவர் செய்த வேறு அதிசயங்களும் உண்டு. அதைச் சொல்ல இந்தத் தாளில் இடமில்லை.

தளம் நிரப்பும் வரைபடங்கள் மட்டும் 137-க்கு எண் போட்டு வைத்திருந்தார். பீச் மரத்தில் பந்து ஒன்று செய்து, அதன் வளைந்த பரப்பிலும் 12 மீன்களைச் சந்து இல்லாமல் செதுக்கினார். சின்ன வயதில் பழகின தச்சுவேலை அங்கே உதவியது. 1972 மார்ச் 27-ல், 73 வயதில் காலமானார். நெதர்லாந்தின் ஹேக் நகரத்தில், முன்பு அரண்மனையாக இருந்த கட்டடத்தில், 2002-ல் அவர் படங்களுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள்.

அவருடைய கடைசி அச்சுப் படம் 1969-ல் வந்தது, பெயர் பாம்புகள். மூன்று பாம்புகள், வளையங்களால் ஆன ஒரு வட்ட வலைக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வரும். வட்டம் முழுவதையும் அவர் செதுக்கவில்லை. மூன்றில் ஒரு பங்கைத்தான் செதுக்கினார். மொத்தம் மூன்று பலகை. ஒவ்வொன்றையும் நடுவில் ஒரு ஊசியில் மாட்டி, ஒரு முறை பதித்து, 120 பாகை திருப்பி மறுமுறை, இன்னும் 120 திருப்பி மூன்றாம் முறை என்று ஒன்பது முறை பதித்தார். பலகை சுழன்ற அந்த ஊசியின் தடம், உற்றுப் பார்த்தால், படத்தின் நட்டநடுவில் ஒரு சின்னப் புள்ளியாகத் தெரியும்.